பழைய இயக்கம், புதிய இயக்கம்: மதுரைப் பக்கத்திலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

மதுரையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவன் என்பதால், 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகும், அதைவிட அதிகமாக 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து மேலூர்க்காரர்கள் நகரத்துக்குள் திரண்டு வந்த பிறகும், ஒரே கேள்வி வெவ்வேறு சொற்களில் என்னிடம் வந்துகொண்டிருக்கிறது: இப்போதைய இயக்கங்கள் முந்தைய இயக்கங்களிலிருந்து எந்த வகையில் வேறானவை? மாணவர்களும் ஓய்வுபெற்ற தொழிற்சங்கத்தினரும் வாசிப்பு வட்டத்து நண்பர்களும் கேட்டவற்றில் அடிக்கடி வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு நாள் சாலை மறியலையும் சமூக இயக்கம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்வது போராட்டம். தண்ணீர் லாரி வந்து நின்றதும் அது கலைந்துவிடும். அதே தெருவினர், இந்தத் தட்டுப்பாடு தற்செயலானதல்ல, இதனால் யாரோ லாபம் பார்க்கிறார்கள் என்று கண்டுகொண்டு, அந்த யாரோவை எதிரில் நிறுத்தி, லாரி வந்த பிறகும் கூடிக்கொண்டேயிருந்தால் அங்கே இயக்கம் தொடங்குகிறது. குறை, எதிராளி, தொடர்ச்சி, 'நாம்' என்ற உணர்வு ஆகிய நான்கும் சேர வேண்டும்.

இதற்கு மதுரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வில்லாபுரத்தில் குடிநீரை விற்றுப் பிழைத்த கும்பலை எதிர்த்துக் குழாய்த் தண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி, 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மார்க்சிஸ்ட் கட்சியிலும் மாதர் சங்கத்திலும் இருந்தவர். அதாவது பழைய வகை அமைப்பிலிருந்து வந்தவர். அவர் கையில் எடுத்ததோ கூலியைப் பற்றியதல்ல, வீட்டு வாசலில் வந்து நிற்கும் அன்றாடப் பிரச்சினை. எது பழையது, எது புதியது என்று கோடு போட முயன்றால் இப்படி முதல் உதாரணத்திலேயே கோடு வளைகிறது. இனி வரும் பதில்களிலும் அப்படித்தான் இருக்கும்.

'பழைய', 'புதிய' என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது?

மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1968இல் பாரிஸ் நகரில் மாணவர்கள் தெருவுக்கு வந்ததையும், அடுத்த பத்தாண்டில் மேற்கு ஜெர்மனியில் அணுவுலை எதிர்ப்பும் பெண்ணுரிமை இயக்கமும் அமைதி இயக்கமும் வளர்ந்ததையும் கண்ட அறிஞர்கள், தொழிற்சங்கங்களை மனத்தில் வைத்து உருவாக்கிய கோட்பாடுகளால் இவற்றை விளக்க முடியவில்லை என்று உணர்ந்தார்கள். பிரான்சின் அலென் தூரென், இத்தாலியின் ஆல்பெர்த்தோ மெலூச்சி, ஜெர்மனியின் ஹாபர்மாஸ், கிளாவ்ஸ் ஓஃபே ஆகியோர் இந்த விவாதத்தின் முக்கியப் பெயர்கள். இப்புதிய மோதல்கள் செல்வத்தின் பங்கீட்டைப் பற்றியவை அல்ல, வாழ்முறையின் இலக்கணத்தைப் பற்றியவை என்பது 1981இல் ஹாபர்மாஸ் முன்வைத்த கருத்து.

அவர்கள் வரைந்த சித்திரத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். பழைய இயக்கம் ஒரு வர்க்கத்தினுடையது. கூலியும் வேலை நேரமும் வாக்குரிமையும் கேட்கும். கட்சியும் சங்கமுமாகப் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும். அரசைப் பிடிக்கவோ அதில் பங்கு பெறவோ முயலும். புதிய இயக்கம் பல வர்க்கத்தினர் கலந்தது. சூழல், பாலினம், அடையாளம், அமைதி என்று பேசும். தளர்ந்த வலையாக இருக்கும். அரசைப் பிடிப்பதைவிட அரசு நுழையக்கூடாத இடத்தைக் காப்பதில் அக்கறை காட்டும். வயிறு நிறைந்த சமூகத்தில்தான் இவ்வகைக் கோரிக்கைகள் எழும் என்று அமெரிக்க அறிஞர் ரொனால்டு இங்கிள்ஹார்ட் வாதிட்டார்.

இந்தக் கடைசி வாதம் நம் பக்கத்தில் நிற்காது. மேலூர் விவசாயி சுரங்கத்தை எதிர்த்தது வயிறு நிறைந்ததால் அல்ல, வயிற்றுப்பாடே அந்த மண்ணில் இருப்பதால். இயற்கையைக் காப்பதும் பிழைப்பைக் காப்பதும் அவருக்கு இரண்டு வேலைகள் அல்ல. இமயமலைச் சாரலில் மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டைத் தடுத்த, 1973இல் தொடங்கிய சிப்கோ இயக்கத்திலும் இதுவே நிலை.

மதுரையில் பழைய வகை இயக்கம் எப்படி இருந்தது?

மில் வாசலில் இருந்தது. ஹார்வி சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய மதுரா மில்லைச் சுற்றித்தான் இந்நகரத்தின் தொழிலாளர் இயக்கம் வளர்ந்தது; தொழிலாளர்களுக்காக அமைந்த ஹார்விபட்டி இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1918இல் சென்னையில் தொழிற்சங்கம் உருவானது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இச்சட்டத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். பதிவு செய்ய விரும்பும் சங்கத்துக்கு விதிகள் வேண்டும், உறுப்பினர் பட்டியல் வேண்டும், நிர்வாகிகள் வேண்டும், வரவுசெலவுக் கணக்கை ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற வரிசை தொழிலாளியின் கற்பனையில் மட்டும் பிறந்ததல்ல. சட்டமும் அந்த உருவத்தைக் கேட்டது.

ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் தம் சந்தா அட்டையை எனக்குக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் தடித்த காகிதம், பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஊதா மை முத்திரையும் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பமும் இருந்தன. இரண்டு கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. காரணம் கேட்டேன். "அப்ப லாக்-அவுட்டு. சம்பளமே இல்ல, சந்தாவுக்கு எங்க போறது? ஆனா பேர அடிக்கல" என்றார். கடைசி மூன்று சொற்களில் பழைய இயக்கத்தின் இலக்கணம் முழுவதும் இருக்கிறது. பணம் கட்டாத மாதத்திலும் உறுப்பினர் உறுப்பினரே. அவர் பெயரை வைத்திருக்க ஒரு ஏடும், அந்த ஏட்டை வைத்திருக்க ஓர் அலமாரியும், அலமாரிக்கு ஓர் அலுவலகமும் இருந்தன.

வாயிற்கூட்டம், உண்டியல் வசூல், துண்டறிக்கை, சுவரெழுத்து, இரவு வகுப்பு என்று அதன் வேலைமுறையும் நிலையானது. தேர்தலுக்குப் போகும் வழியும் அதற்குள்ளேயே இருந்தது. 1952இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்குத் தொகுதியில் வென்றார் என்றால், வெளியே அவருக்காக வீடு வீடாகப் போக அந்தச் சந்தா ஏட்டில் இருந்த பெயர்கள் இருந்தன.

அப்படியானால் அடையாளத்துக்காகப் போராடுவது புதிதா?

இல்லவே இல்லை. கோட்பாட்டில் நான் மிக அதிகமாகச் சந்தேகப்படும் இடம் இதுதான்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றுதான் சொல்வார்கள். பிறப்பாலேயே குற்றவாளி என்று எழுதிவைத்து, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன சட்டம் அது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அம்மக்கள் கூலி உயர்வு கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. 'எங்களை இப்படி எழுதாதே' என்றார்கள். அடையாள அரசியலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தக் கோட்பாட்டு நூலிலும் கிடைக்காது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது.

அதற்கும் முன்பு, 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததும், அந்த வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்ததும் மதிப்பைப் பற்றிய போராட்டம்தான். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரும் நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். எதிர்ப்பும் வழக்கும் கிளம்பியபோது ராஜாஜி அரசு சட்டம் இயற்றி அதற்குப் பாதுகாப்புத் தந்தது. பங்கீடா, அங்கீகாரமா என்று கேட்டால் இவை அனைத்தும் அங்கீகாரத்தின் பக்கமே நிற்கும். ஆண்டை மட்டும் பார்த்தால் இவை அனைத்தும் பழையவை.

ஐரோப்பாவுக்கும் இதே கேள்வியை அமெரிக்கச் சமூகவியலாளர் கிரெய்க் கால்ஹூன் எழுப்பினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மதம், மதுவிலக்கு, பெண்ணுரிமை, கூட்டு வாழ்க்கை என்று 'புதிய' இயக்கங்கள் நிறைய இருந்தன. பின்னால் தொழிற்சங்கம் பெரிதாக வளர்ந்து அவற்றை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்பது அவர் வாதம். மதுரைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆகவே, கோரிக்கையில் புதுமை தேடுவது வீண் வேலை. அமைப்பு, வேகம், யார் பெயரால் பேசுகிறார்கள் என்பது, முடிந்த பிறகு எது மிஞ்சுகிறது என்பது ஆகியவற்றில்தான் உண்மையான மாற்றம் நடந்திருக்கிறது.

1965இலும் மாணவர்கள், 2017இலும் மாணவர்கள். என்ன வேறுபாடு?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களே கேட்கிறார்கள். குரலில் கொஞ்சம் கோபமும் இருக்கும்.

1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலம் வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தின் அருகே மோதலில் முடிந்தது. அங்கிருந்து இந்தி எதிர்ப்புக் கலவரம் மாநிலம் முழுவதும் பரவியது. அப்போதும் கட்சி சாராத மாணவர் குழு ஒன்றுதான் முன்னால் நின்றது. ஆனால் அந்தக் குழுவுக்குப் பெயரும் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். பின்னால் திமுக என்ற பெரிய வாய்க்கால் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த வெள்ளம் வாய்க்காலில் பாய்ந்து 1967 தேர்தலில் ஆட்சியை மாற்றியது. விருதுநகரில் காமராசரையே தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன்.

2017இல் நடந்ததைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்திருந்தது. 2017 பொங்கலுக்கும் அனுமதி கிடைக்காத நிலையில் அலங்காநல்லூரில் வாடிவாசல் முன் உட்கார்ந்தவர்களைப் போலீசார் கைதுசெய்ய, அந்தச் செய்தி கைப்பேசிகளில் ஓடி, சென்னை மெரினாவில் கூட்டம் சேர்ந்தது. மதுரையில் தமுக்கம் மைதானம் நிறைந்தது. வைகைப் பாலத்தில் ரயில் நின்றது. கட்சிக்காரர் யாரையும் மேடையேற விடவில்லை. 'எங்களுக்குத் தலைவர் இல்லை' என்பதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தபோது அந்தப் பெருமையின் மறுபக்கம் தெரிந்தது. வென்றுவிட்டோம் என்று அறிவிக்க ஆளில்லை. போதாது என்று பேசி வாங்கவும் ஆளில்லை. மறுநாள் போட்டியைத் தொடங்கிவைக்க வந்த முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அலங்காநல்லூர் மக்கள் நிரந்தரச் சட்டம் கேட்டதால் மாடு அவிழ்க்காமலே திரும்பினார். 23ஆம் தேதி சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அன்றே மெரினாவில் தடியடியும் நடந்தது. கோரிக்கை முழுமையாக நிறைவேறிய ஒரு போராட்டம் அடிவாங்கிக் கலைந்தது தலைமை இல்லாத அமைப்பின் விளைவு என்று நான் கருதுகிறேன். போலீசின் பொறுப்பை இது குறைக்காது. ஆனால் கலைந்து செல்லுங்கள் என்று அந்தக் கூட்டத்திடம் சொல்லி, கூட்டம் நம்பிக் கேட்கக்கூடிய ஒரு குரல் அங்கே இல்லை.

பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூரில் மாடுகள் அவிழ்க்கப்பட்டன. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றமும் சட்டத்தை ஏற்றது. கோரிக்கையளவில் 1965ஐவிட 2017 விரைவாக வென்றது. ஆனால் நிலைத்து நிற்கும் கட்சியையோ சங்கத்தையோ அது விட்டுச் செல்லவில்லை. பழையவர்களின் கோபத்துக்கும் இளையவர்களின் பெருமிதத்துக்கும் இதுவே காரணம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

மேலூர் டங்ஸ்டன் போராட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதற்குக் கொஞ்சம் நீண்ட பதில் வேண்டும்.

2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் கிடைத்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் அரிட்டாபட்டி இருந்தது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் சமணச் சிற்பமும் உள்ள ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும் அதுதான். கிராமசபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. அதே மாதக் கடைசியில், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று ஆராயப்போவதாக ஒன்றிய அரசு சொன்னது. ஊர்கள் அதை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தும் வண்டிகளிலும் வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

சூழல், பாரம்பரியம், பல வர்க்கத்தினர், கட்சிக் கொடி இல்லாமை, காணொளிகள், ஹேஷ்டேக் என்று பார்த்தால் ஐரோப்பியப் பட்டியலில் உள்ள அத்தனையும் இங்கே இருக்கின்றன. அன்று ஊர்வலத்தில் என் பக்கத்தில் நடந்த மூதாட்டியிடம் "யாரு வரச் சொன்னது, ஆத்தா?" என்று கேட்டேன். மஞ்சப்பையில் புளிச்சோற்றுப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார். "மந்தையில கூட்டம் போட்டுச் சொன்னாக. வீட்டுக்கு ஒரு ஆளு வரணும்ல" என்றார். அவருடைய பேரன், கையை உயர்த்திக் கைப்பேசியில் நேரலை விட்டுக்கொண்டே, "வாட்ஸ்அப்புல வந்துச்சு சார்" என்றான். இருவரும் வந்தது ஒரே வண்டியில்.

வீட்டுக்கு ஒரு ஆள் என்பது புதிய சமூக இயக்கத்தின் சொல் அல்ல. கண்மாய் மராமத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர் வைக்கும் பழைய கட்டுப்பாடு அது. மேலூர்ப் பகுதியில் 'நாடு' என்ற கிராமக் கூட்டமும் அதன் தலைவர்களாகிய அம்பலக்காரர்களும் தொழிற்சங்கத்துக்கும் கட்சிக்கும் மூத்தவர்கள். பெரியாறு பாசனத்தின் ஒருபோகப் பகுதியாகிய அங்கே, தண்ணீர்ப் பங்கீட்டைப் பேசிப் பழகிய அதே மந்தையில், அதாவது ஊர் கூடும் பொது இடத்தில்தான் டங்ஸ்டனையும் பேசினார்கள். ஆகவே இந்த இயக்கத்தின் மேல்துணி புதியது. உடல், தொழிற்சங்கத்தைவிடப் பழையது.

அந்தப் பழைய உடலின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மேலவளவு இதே மேலூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறுக்காமல், 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் அவரோடு ஆறு பேரையும் ஆதிக்க சாதியினர் கொன்றார்கள். ஊர் ஒற்றுமை என்ற சொல் 2025இல் சுரங்கத்தைத் தடுத்தது. ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் அதே சொல்லை நீண்ட காலமாக வேறு ஆட்கள்மீது வீசியதும் உண்டு. சுரங்க எதிர்ப்பில் எல்லாச் சாதியினரும் நடந்தார்கள் என்பது உண்மை. நடந்து திரும்பிய பிறகு மந்தையில் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

தலித் இயக்கங்கள் பழையவையா, புதியவையா?

இரண்டாகவும் இருக்கின்றன; அந்தக் காரணத்தாலேயே மேற்கத்திய வகைப்பாடு அவற்றின்முன் திணறுகிறது. விடுதலைச் சிறுத்தைகளின் வேர் மதுரையில் இருக்கிறது: 1982இல் மலைச்சாமி இங்கே தொடங்கிய தலித் பேந்தர்கள் அமைப்பை அவர் மறைவுக்குப் பின் 1990இல் திருமாவளவன் ஏற்றார். 1999 வரை அது தேர்தலைப் புறக்கணித்தது. பிறகு தேர்தலுக்குள் வந்தது. தெருவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போகும் பழைய பாதையையே அதுவும் எடுத்தது. கேட்டதோ மதிப்பும் நிலமும் பாதுகாப்பும் ஒன்றாகச் சேர்ந்தவை. குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமை பங்கீடா, அங்கீகாரமா என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலும் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. அதன்பின் பத்தாண்டுகள் ஆதிக்க சாதியினர் தேர்தல் நடக்கவிடாமலோ, வென்றவரை உடனே பதவி விலகச்செய்தோ காலம் தள்ளினார்கள். 2006இல்தான் அங்கே தலைவர்கள் பொறுப்பேற்று நிலைத்தார்கள். உத்தப்புரத்தில் தலித்துகளைப் பிரித்து 1989 முதல் நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அதில் முன்னின்ற தீண்டாமை ஒழிப்பு முன்னணி, இடதுசாரிச் சங்கங்கள் சாதியை நேரடியாகப் பேசத் தாங்களே அமைத்துக்கொண்ட மேடை. பழைய அமைப்பு புதிய கேள்விக்கு உடம்பை வளைத்துக் கொடுத்த அரிய தருணங்களில் அது ஒன்று. தாமதமாக வளைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மகளிர் சுயஉதவிக் குழு ஓர் இயக்கமா?

பாதி. 1990 வாக்கில் அலங்காநல்லூர்ப் பக்கம் தொடங்கிய களஞ்சியம் குழுக்கள் பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் கீழ் பல மாநிலங்களுக்குப் பரவின. அழகர்கோயில் பக்கத்துப் புல்லுசேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை கூலியாட்களைத் திரட்டி வேலைக்கு அழைத்துப்போகும் கொத்துத் தலைவியாக இருந்து குழுத் தலைவியானவர். 2001இல் விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. வட்டிக்காரரிடமிருந்து விடுபடுவது பெரிய மாற்றம்தான். ஆனால் குழுவின் முகம் தெருவை நோக்கியதல்ல, வங்கியை நோக்கியது. எதிராளியைப் பெயர் சொல்லி நிறுத்துவது அதன் வேலையில் இல்லை.

நீதிமன்றமும் தொண்டு நிறுவனங்களும் எதை மாற்றின?

மொழியை மாற்றின. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்த பிறகு, தென்மாவட்டத்தின் எந்தப் பிரச்சினையும் ஒரு நாள் பேருந்துப் பயணத்தில் பொதுநல வழக்காகிவிடும். அதற்கு முன்பே, 1995இல் மதுரையில் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள், குறையை உண்மையறியும் அறிக்கையாகவும் பிரமாண வாக்குமூலமாகவும் மாற்றக் கற்றுத்தந்தன. கூட்டத்தின் குரல் மனுதாரரின் குரலாகச் சுருங்கியது. சுருங்கியதால் கூர்மையும் பெற்றது.

எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினம் மாற்றும் அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் மாநில அரசு அந்த அறுவைச் சிகிச்சைக்குத் தடை ஆணை பிறப்பித்தது. தெருவில் பத்தாயிரம் பேரைத் திரட்ட முடியாத ஓர் இயக்கத்துக்கு வேறு எந்த வழியிலும் அவ்வளவு விரைவாக அது கிடைத்திருக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது?

பழைய இயக்கத்துக்குச் சந்தாவும் உண்டியலும். தொண்டு நிறுவனத்துக்குத் திட்ட நிதி; வெளிநாட்டு நிதியாக இருந்தால் உரிமத்துக்கு ஒன்றிய அரசின் தயவு வேண்டும். மேலூர் மாதிரியான இயக்கத்துக்கு ஊர் வரி, வீட்டு அரிசி, சொந்த டிராக்டர். எந்தப் பணமோ, அதற்கேற்ற ஆயுள்.

சமூக ஊடகம் இல்லாவிட்டால் இவை நடந்திருக்குமா?

நடந்திருக்கும், இவ்வளவு வேகத்தில் நடந்திருக்காது. முல்லைப் பெரியாறு அணைக்காக 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கில் பல்லாயிரம் பேர் கேரள எல்லையை நோக்கி நடந்தபோது கையடக்கக் காணொளி இவ்வளவு பரவியிருக்கவில்லை. துருக்கியில் பிறந்த சமூகவியலாளர் செய்னெப் துஃபெக்சி சொல்வது இங்கே உதவும். முன்பு பெரிய ஊர்வலம் ஒன்று நடந்தால் அதற்குப் பின்னால் பல மாத உழைப்பு இருந்தது என்று அரசுக்குத் தெரியும். அந்த உழைப்பில் பழகிய ஆட்கள் அடுத்த கட்டத்துக்கும் தயாராக இருந்தார்கள். இப்போது கூட்டம் முதலில் வந்துவிடுகிறது, பழக்கம் பின்னால் வர வேண்டியிருக்கிறது. மெரினாவுக்கு இது பொருந்தும். மேலூருக்குப் பொருந்தவில்லை, ஏனெனில் அந்தப் பழக்கத்தைக் கண்மாய்கள் முன்பே கற்றுக்கொடுத்திருந்தன.

இவற்றை ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

அழியப்போவதிலிருந்து தொடங்குங்கள். மில் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேடு கரையான் அரித்தாலும் பாதியாவது மிஞ்சும். 2025இன் வாட்ஸ்அப் குழு, நிர்வாகி கைப்பேசியை மாற்றும்போது நகல் எடுத்துவைக்காவிட்டால் ஒரே நாளில் போய்விடும். 2017இல் தமுக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாணவர்களிடம் அந்த வாரத்துப் படங்களைக் கேட்டேன். ஐந்தில் நான்கு பேரிடம் இல்லை, பழைய கைப்பேசியோடு போய்விட்டன. ஆகவே உரிமையாளரின் ஒப்புதலோடு நகல் எடுத்துவையுங்கள். பேட்டி காணும்போது ஏன் போராடினீர்கள் என்று முதலில் கேட்காதீர்கள். அதற்குத் தயாரான பதில் வைத்திருப்பார்கள். அன்று வண்டிக்கு யார் டீசல் போட்டார்கள், சோறு எந்த வீட்டில் வெந்தது, வராத வீடு எது, வராததற்கு ஊர் என்ன சொன்னது என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். காலனியில் இருப்பவர்களிடம் அவர்கள் தெருவிலேயே உட்கார்ந்து கேளுங்கள், மந்தைக்கு அழைத்துக் கேட்காதீர்கள்.